போர்வெல் தண்ணீரில் குரோமியம்: நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர் சட்டைப் பையிலிருந்து, தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். பேனாவை எடுப்பார். டம்ளரில் முக்குவார், 900 என்று காட்டும். "பாத்தீங்களா சார், எவ்வளவு விஷம்!" என்பார். அதோடு விடாமல், இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியை டம்ளரில் வைத்து மின்சாரம் கொடுப்பார். இரண்டே நிமிடத்தில் தண்ணீர் பழுப்பாகிக் குழம்பும். வீட்டில் இருப்பவர்கள் முகம் வெளுத்துவிடும்.

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த விஷமல்ல, இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் மின்சாரம் நன்றாக ஓடும், கம்பியும் வேகமாகக் கரையும். பேனா காட்டிய 900-இல் பெரும்பகுதி சாதாரண உப்பும் சுண்ணாம்பும்தான். குரோமியம் என்ற உலோகத்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 விதிக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். 900-க்குப் பக்கத்தில் 0.05-ஐ வைத்தால் பேனாவுக்கு எங்கே தெரியப்போகிறது? ஈயம், ஆர்செனிக் இரண்டுக்கும் வரம்பு 0.01, காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001. இந்த அளவுகளைப் பிடிக்க ஒரு குறிப்பிட்ட உலோகத்தை மட்டும் அடையாளம் காணும் ஒன்று தேவை. அதைத்தான் வேதியியல் சென்சார் என்கிறார்கள்.

சென்சார் என்றதும் சிப்பு, திரை, பேட்டரி என்று கற்பனை போகும். உள்ளே இருப்பது இரண்டே வேலைதான். உலோகத்தை அடையாளம் காணும் ஒரு பொருள் வேண்டும். அடையாளம் கண்டதை நமக்குத் தெரியும்படி மாற்றிக் காட்ட ஒரு வழி வேண்டும். முதல் வேலையைச் செய்யும் பொருள் நல்லதாக இருந்தால், இரண்டாவது வேலைக்கு நம் கண்ணே போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது குரோமியத்தைத்தான். காரணம் இரண்டு. இதைக் காட்டும் வேதிவினை அவ்வளவு தெளிவானது, நிறம் பளிச்சென்று வரும். இன்னொன்று, நம் ஊரிலேயே இதற்குத் தேவை இருக்கிறது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970-களின் நடுவிலிருந்து சுமார் 20 ஆண்டுகள் சோடியம் டைகுரோமேட் போன்ற உப்புகளைத் தயாரித்தது. அது மூடியபோது விட்டுப்போன கழிவு மேடு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடும் ஆலைகள். இந்தத் தோல் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொல்லித் தீர்ப்பளித்தது.

கழிவு மேட்டில் இருப்பதும் தோல் ஆலைக் கழிவில் இருப்பதும் ஒரே குரோமியம் அல்ல. இது புரியாமல் சோதனையில் இறங்கினால் தப்பான முடிவோடுதான் வீட்டுக்குப் போவீர்கள்.

குரோமியம் இரண்டு வகை

தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம்-3 (பின்னால் வரும் எண், அணு இழந்திருக்கும் எலக்ட்ரான்களின் கணக்கு). கொஞ்சம் பச்சை கலந்த உப்பு, நீரில் அவ்வளவாக நகராது, மண்ணில் ஒட்டிக்கொள்ளும். குரோமேட் கழிவு மேட்டிலிருந்து வருவது குரோமியம்-6. மஞ்சளாகக் கரையும், மண் தடுக்காமல் தண்ணீரோடு ஓடும். தோலில் ஆறாத புண் உண்டாக்குவது, தூசியாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் தருவது எல்லாம் இந்தக் குரோமியம்-6தான். இனி சுருக்கமாக மூன்று, ஆறு என்றே சொல்கிறேன். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மூன்று மெல்ல ஆறாகவும் மாறலாம்.

நாம் பயன்படுத்தப்போகும் பொருள் டைஃபினைல்கார்பசைட். ஆய்வகத்தில் டி.பி.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அமிலம் கலந்த நீரில் குரோமியம்-6 இதைச் சந்தித்தால், டி.பி.சி.யிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டு தான் மூன்றாக மாறும். அப்படி மாறும் அந்தக் கணத்திலேயே எலக்ட்ரான் இழந்த மூலக்கூறோடு பிணைந்து கத்தரிப்பூ நிறம் தரும். ஏற்கெனவே மூன்றாக இருக்கும் குரோமியம் அப்படிப் பிணையாது. அது தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், யாருக்கும் இடம் விடாது.

ஆகவே இந்தச் சோதனை ஆறை மட்டும் காட்டும். தோல் ஆலைக் கழிவு கலந்த வாய்க்காலில் மூன்று எவ்வளவு இருந்தாலும் டியூப் தெளிவாகவே நிற்கும். நிறம் வரவில்லை என்றால் 'குரோமியம்-6 இந்த அளவுக்கு மேல் இல்லை' என்று மட்டுமே எழுதலாம். 'தண்ணீர் நல்லது' என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

வாங்க வேண்டியவை

டி.பி.சி. தூள் 5 கிராம் பாட்டில் போதும், ஆயிரம் டியூப் வரை வரும். லேப் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். அசிட்டோன் 100 மில்லி. நீர்த்த கந்தக அமிலம், 10 சதவீதம். இதை நீங்களே தயாரிக்காமல் ஏதாவது ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு வாங்குவது நல்லது. நீங்களே செய்தால், தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும். பாஸ்பாரிக் அமிலம் ஒரு சிறு பாட்டில். ஒரு மில்லி டியூபர்குலின் சிரிஞ்சு சில. இன்சுலின் சிரிஞ்சு வாங்கிவிடாதீர்கள், அதில் கோடுகள் மில்லியில் இருக்காது, யூனிட்டில் இருக்கும், குழம்பிப்போவீர்கள். ஊசியைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். எவர்சில்வர் ஊசியிலேயே குரோமியம் இருக்கிறது.

50 மில்லி நெஸ்லர் டியூப் ஆறு. தட்டையான அடியும் ஒரே உயரமும் கொண்ட நீளமான கண்ணாடிக் குழாய்கள் இவை. ஆறும் ஒரே கம்பெனி, ஒரே செட்டாக இருக்கட்டும். பழைய ஆய்வகத்திலிருந்து கண்ணாடிச் சாமான் இரவல் வாங்கினால் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "இதைக் குரோமிக் அமிலத்தில் கழுவியிருக்கிறீர்களா?" ஒரு தலைமுறைக்கு முன்பு கண்ணாடியைப் பளிச்சென்று ஆக்க எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அந்தக் கண்ணாடியில் எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் கத்தரிப்பூ நிறம் வரும். நான் ஒரு முழு நாளை இப்படித் தொலைத்திருக்கிறேன். கிணற்று நீர், மழை நீர், பாட்டில் நீர் எல்லாவற்றிலும் குரோமியம்! ஊரே விஷமாகிவிட்டது என்று பதறி, கடைசியில் பார்த்தால் குடுவை.

தூய நீருக்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி வாட்டர் பெரும்பாலும் போதும், ஆனால் முதலில் அதையே சோதித்துப் பார்த்து நிறம் வரவில்லை என்று உறுதி செய்த பிறகுதான்.

கடைசியாக, அளவு தெரிந்த குரோமியக் கரைசல். பொட்டாசியம் டைகுரோமேட் 0.1414 கிராம் எடுத்து ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் லிட்டருக்குச் சரியாக 50 மில்லிகிராம் குரோமியம். இந்தத் தூள் ஆபத்தானது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடக் கூடாது, பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. ஒரு கல்லூரியில் இந்தக் கரைசலை மட்டும் தயாரித்து வாங்கிக்கொண்டால் தூள் தொல்லையே இல்லை. கடையில் ரெடிமேடாக 'குரோமியம் ஸ்டாண்டர்டு' கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பல குரோமியம்-3 நைட்ரேட். லேபிளில் டைகுரோமேட் அல்லது குரோமேட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

முதல் படி: தண்ணீர் எடுப்பது

சோதனையில் நடக்கும் தப்புகளில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கின்றன. டியூப், அமிலம், நிறம் என்று எல்லோருக்கும் ஆர்வம் மேசையில் இருக்கிறது, தண்ணீர் எடுக்க ஒரு பையனை அனுப்பிவிடுகிறார்கள். நீங்களே போங்கள்.

மோட்டாரைப் போட்டு ஐந்து பத்து நிமிடம் தண்ணீரை ஓட விடுங்கள். குழாயில் தேங்கி நின்ற நீர் போய், நிலத்திலிருந்து புது நீர் வரட்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து எடுக்காதீர்கள். பளபளவென்று மின்னும் குழாயும் வேண்டாம், அந்தப் பளபளப்பே குரோமியப் பூச்சுதான். புதிய பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டு, கழுத்து வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள்.

ஈயம், காட்மியம் சோதிக்க எடுக்கும் நீரில் உடனே நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள், உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டாமல் இருக்க. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் சேர்த்துவிடாதீர்கள். அமிலம் பட்டால் நீரில் இருக்கும் இலைதழைச் சாறு, இரும்பு எல்லாம் சேர்ந்து ஆறை மூன்றாக்கிவிடும், பிறகு உங்களுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதனையை முடித்துவிட வேண்டும். அன்று மாலையே என்றால் இன்னும் நல்லது.

பாட்டிலின் மேல் நாள், நேரம், எந்தக் கிணறு, எத்தனை அடி, கடைசியாக எப்போது மழை பெய்தது என்று எழுதி ஒட்டுங்கள். மழை விவரம் முக்கியம். ஒரே கிணறு பங்குனியில் ஒரு எண் காட்டும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு வேறு எண் காட்டும். ஒரு தடவை எடுத்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள்.

இரண்டாம் படி: கரைசல்கள்

டி.பி.சி. 0.05 கிராமை 10 மில்லி அசிட்டோனில் கரையுங்கள். நிறமில்லாமல் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் பாட்டிலைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். பழுப்போ இளஞ்சிவப்போ ஏறிவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைப்பதுதான் வழி.

கல்லூரியிலிருந்து வாங்கிய 50 மில்லிகிராம் கரைசலில் 10 மில்லி எடுத்துத் தூய நீர் சேர்த்து 100 மில்லியாக்குங்கள். இப்போது லிட்டருக்கு 5 மில்லிகிராம். ஐந்து நெஸ்லர் டியூப்களில் இதிலிருந்து முறையே 0, 0.1, 0.25, 0.5, 1 மில்லி விட்டு, 50 மில்லி கோடு வரை தூய நீர் ஊற்றுங்கள். லிட்டருக்கு 0, 0.01, 0.025, 0.05, 0.1 மில்லிகிராம் என்று ஐந்து படிகள் கிடைத்துவிட்டன. நான்காவது டியூப்தான் வரம்பு, அதன் மேல் சிவப்பு நூல் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

குரோமியம் இல்லாத முதல் டியூப்பைப் பிளாங்க் என்பார்கள். 'ஒன்றுமில்லாத தண்ணீருக்கு ஏன் இத்தனை செலவு?' என்று அதை விட்டுவிட ஆசை வரும். என்னைக் கேட்டால், ஒரே ஒரு டியூப்தான் செய்ய முடியும் என்றால் கிணற்று நீரை விட்டுவிட்டுப் பிளாங்கைச் செய்யச் சொல்வேன். பிளாங்கில் நிறம் வந்தால் அன்றைய வேலை எதுவும் செல்லாது.

மூன்றாம் படி: நிறம் வரவைப்பது

ஆறாவது டியூப்பில் கிணற்று நீர் 50 மில்லி. கலங்கல் இருந்தால் முதலில் வடிதாளில் வடித்துக்கொள்ளுங்கள். ஆறு டியூப்பிலும் 10 சதவீதக் கந்தக அமிலம் 3 மில்லி, பாஸ்பாரிக் அமிலம் ஐந்து சொட்டு. இந்தப் பாஸ்பாரிக் அமிலம் நீரில் இருக்கும் இரும்பைக் கட்டிப்போட்டு, அது மஞ்சள் நிறம் காட்டாமல் பார்த்துக்கொள்ளும்.

டி.பி.சி. விடுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். கிணற்று நீர் டியூப்பை மேலிருந்து பாருங்கள். ஏற்கெனவே நிறம் இருக்கிறதா? இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கழிக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொன்றிலும் டி.பி.சி. கரைசல் 1 மில்லி. மூடி, நான்கைந்து முறை கவிழ்த்துக் கலக்கி, ஐந்து நிமிடம் வையுங்கள். பத்து நிமிடத்துக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் நிறம் மங்கத் தொடங்கும். எல்லா டியூப்புக்கும் ஒரே நேரம் கிடைப்பதுதான் முக்கியம். ஒன்றை இரண்டு நிமிடத்திலும் இன்னொன்றை இருபது நிமிடத்திலும் பார்த்து ஒப்பிட்டால் அது சோதனையே இல்லை.

பக்கவாட்டில் பார்த்தால் வரம்பு அளவு டியூப்பில்கூட ஒன்றும் பெரிதாகத் தெரியாது. "வரவில்லையே" என்று பலர் கைவிடுவது இங்கேதான். டியூப்களை வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தி, மேலிருந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் பாருங்கள். இந்த நிறம் 540 நானோமீட்டர் பச்சை ஒளியை விழுங்குகிறது. ஒரு சென்டிமீட்டர் தடிமனில் 0.05 மில்லிகிராம் குரோமியம் அந்த ஒளியில் 8 சதவீதம்தான் விழுங்கும், கண்ணுக்குத் தெரியாது. நெஸ்லர் டியூப்பின் 15 சென்டிமீட்டர் நீர்த்தம்பத்தைக் கடந்து வரும்போது ஏறக்குறைய 70 சதவீதத்தை விழுங்கிவிடும். ஒரு பைசா செலவில்லாமல் சென்சாரின் கூர்மை 15 மடங்காகிவிடுகிறது.

கிணற்று நீர் எந்த இரண்டு படிகளுக்கு நடுவில் நிற்கிறது என்று கண்ணாலேயே சொல்லலாம். இருவர் தனித்தனியாகப் பார்த்துத் தாளில் எழுதி, பிறகு காட்டிக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே பார்த்தால் ஒருவர் சொல்வதுதான் இன்னொருவர் கண்ணுக்குத் தெரியும்.

நீர் வெறும் கண்ணுக்கே மஞ்சளாக இருந்தால் கதை வேறு. அதில் குரோமியம்-6 லிட்டருக்குப் பல மில்லிகிராம் இருக்கலாம். அப்படியே சோதித்தால் டி.பி.சி. போதாமல் நிறம் தாறுமாறாகப் போகும். 1 மில்லியை 100 மில்லியாக்கிச் சோதித்து, விடையை 100-ஆல் பெருக்குங்கள்.

நான்காம் படி: எண்ணாக மாற்றுவது

கண் போதும் என்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

கைபேசிக் கேமரா எல்லோருக்கும் தோன்றும் முதல் வழி. ஆறு டியூப்களையும் ஒரே படத்தில் எடுங்கள். தனித்தனிப் படமாக எடுத்தால் கேமரா ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தைத் தானே சரிசெய்து உங்களை ஏமாற்றும். ஃபிளாஷ் வேண்டாம், நிழலான வெளிச்சம் போதும். கலர் பிக்கர் செயலியில் ஒவ்வொரு டியூப்பின் பச்சை எண்ணை மட்டும் எடுத்து, தெரிந்த ஐந்து படிகளுக்கும் வரைதாளில் புள்ளி வைத்து இணையுங்கள். கோடு நேராக வராது, வளையும். கேமரா தரும் எண் உண்மையான ஒளி அளவல்ல, கண்ணுக்கு அழகாகத் தெரிய அது உள்ளேயே மாற்றியமைத்தது. வளைந்த கோட்டிலேயே கிணற்று நீரின் எண்ணைத் தேடிப் படித்தால் போதும்.

இதைவிட எனக்குப் பிடித்தது, டியூப் உள்ளே போகிற அளவு கறுப்புப் பி.வி.சி. குழாய் ஒன்று. அடியில் ஒரு பச்சை எல்.இ.டி., மேலே பி.எச். 1750 என்ற ஒளிச் சென்சார், அதைப் படிக்க ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை. பச்சை எல்.இ.டி.யின் ஒளி பெரும்பாலும் 525 நானோமீட்டர் பக்கம் இருக்கும். 540-க்கு அது சற்றுத் தள்ளி என்றாலும் இந்த நிறத்தின் பட்டை அகலமானது, வேலை செய்யும். எல்.இ.டி.யைப் போட்டு ஐந்து நிமிடம் சூடாக விட்டுப் பிறகு படியுங்கள்.

கணக்கு எளிது. பிளாங்க் 400 லக்ஸ் காட்டுகிறது, 0.05 டியூப் 160 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 400-ஐ 160-ஆல் வகுத்து அதன் மடக்கை (கால்குலேட்டரில் log) எடுத்தால் 0.40. இதுதான் உறிஞ்சல். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் 8 என்ற விகிதம். கிணற்று நீர் 220 லக்ஸ் காட்டினால் உறிஞ்சல் 0.26, எட்டால் வகுத்தால் 0.03 மில்லிகிராம் சொச்சம். பள்ளியில் படித்த பீர்–லாம்பர்ட் விதி இதுதான். 0.1-க்கு மேல் போனால் டியூப் இருண்டுவிடும், நீர்த்துச் சோதியுங்கள்.

பிளாங்கையே ஏழு முறை படித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தின் திட்ட விலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) மூன்றால் பெருக்கி, அதற்கு எத்தனை மில்லிகிராம் என்று பார்த்தால் அதுதான் உங்கள் கருவியின் எல்லை. உறிஞ்சல் 0.01 அளவுக்கு ஆடினால் எல்லை 0.004 மில்லிகிராம். அதற்குக் கீழே வரும் எந்த எண்ணையும் எழுதாதீர்கள், 'எல்லைக்குக் கீழ்' என்று எழுதுங்கள்.

ஐந்தாம் படி: தண்ணீரைக் குறுக்கு விசாரணை செய்வது

கிணற்று நீரில் நிறம் வரவில்லை. உண்மையிலேயே குரோமியம்-6 இல்லையா, அல்லது அந்த நீரில் வேறு ஏதோ இருந்து அதைத் தின்றுவிட்டதா? எப்படித் தெரிந்துகொள்வது?

அதே கிணற்று நீர் இன்னொரு 50 மில்லி எடுங்கள். அதில் நம் 5 மில்லிகிராம் கரைசல் 0.5 மில்லி சேர்த்துச் சோதனையை மறுபடி செய்யுங்கள். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற கணக்கில் நாமே சேர்த்திருக்கிறோம். முதலில் 0.03 காட்டிய நீர் இப்போது 0.08 காட்ட வேண்டும். சேர்த்ததில் 80 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைத்தால் உங்கள் எண்ணை நம்பலாம். பாதிகூடக் கிடைக்கவில்லை என்றால், நீரில் கரைந்த இரும்போ கரிமப் பொருளோ ஆறை மூன்றாக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நீருக்கு இந்தச் சோதனை ஒத்துவராது, ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். சாக்கடை கலந்த கிணறு, துரு வாடை அடிக்கும் போர்வெல் இரண்டிலும் இதைத் தவறாமல் செய்யுங்கள். கடையில் விற்கும் சோதனைப் பட்டைகளோடு வரும் காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி பார்ப்பது அரிது, அதனால்தான் எனக்கு அவற்றின் மேல் அரை நம்பிக்கை.

எதிர்த் திசையிலும் ஒரு சோதனை உண்டு. நிறம் வந்த நீரைப் புதிதாக எடுத்து, டி.பி.சி.க்கு முன் ஒரு சிட்டிகை வைட்டமின் சி தூள் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். வைட்டமின் சி ஆறை மூன்றாக்கிவிடும். அதற்குப் பிறகும் நிறம் வந்தால் அது குரோமியம் தந்த நிறம் அல்ல.

எண் வந்த பிறகு

0.05-க்கு மேல் வந்தால் இன்னொரு நாள் போய் மறுபடி எடுத்துச் சோதியுங்கள். மறுபடியும் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அந்த நீரை நிறுத்திவிடுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உலோகம் ஆவியாகாது, தண்ணீர்தான் ஆவியாகும், மிஞ்சும் நீரில் குரோமியம் இன்னும் செறிவாகும்.

அடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகம். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. கன உலோகம் பார்க்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். 'மொத்தக் குரோமியம்', 'குரோமியம்-6' என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஐ.எஸ். 10500 சொல்லும் 0.05 மொத்தக் குரோமியத்துக்கானது. உங்கள் டியூப்பில் 0.03 வந்து, ஆய்வகத்தில் மொத்தம் 0.09 வந்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம், மீதி 0.06 மூன்றாக இருக்கிறது.

உங்கள் எண்ணை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஊரைப் பயமுறுத்தாதீர்கள். பத்துக் கிணறுகளின் எண், நாள், இடம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி மனுவோடு இணைத்தால் அதற்கு மதிப்பு அதிகம். எந்தத் திசையில் எண் ஏறுகிறது என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும்.

மற்ற உலோகங்கள்?

டி.பி.சி. கைவந்த பிறகு எல்லோரும் கேட்பது இது. ஆர்செனிக்குக்கும் நிறம் காட்டும் கிட் உண்டு. துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து ஆர்செனிக்கை வாயுவாக்கும், அது பாதரச புரோமைடு தடவிய தாளை மஞ்சளிலிருந்து பழுப்பு வரை நிறம் மாற்றும். வங்கதேசத்தில் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளை இப்படிச் சோதித்துத்தான் பச்சை, சிவப்பு வண்ணம் அடித்தார்கள். அந்த வாயு கொடிய நஞ்சு, திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

ஈயமும் காட்மியமும் நிறத்துக்கு அவ்வளவாகப் பிடிபடாது, அங்கே மின்வேதியியல்தான் கை கொடுக்கும். மின்வாயில் (நீரில் முக்கி மின்சாரம் கொடுக்கும் முனையில்) எதிர் மின்னழுத்தம் கொடுத்துச் சில நிமிடம் உலோகத்தைப் படியவைத்து, பிறகு அழுத்தத்தை மெல்ல ஏற்றினால் ஒவ்வொரு உலோகமும் தனக்குரிய அழுத்தத்தில் உரிந்து வரும். காட்மியம் முதலில், ஈயம் பிறகு. முன்பு இதற்குப் பாதரச மின்வாய்தான், 2000-இல் பிஸ்மத் படலம் அந்த இடத்துக்கு வந்தது. விஷத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு விஷத்தைக் கையாளும் நிலை அதோடு குறைந்தது. கருவிக்குச் செலவாகும், பழகச் சில மாதம் ஆகும்.

பாதரசத்தை வீட்டில் முயல வேண்டாம். 0.001 மில்லிகிராமுக்கு ஆய்வகம்தான்.

மேசையைத் துடைப்பதற்கு முன்

டியூப்களில் இருப்பதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டால், கழிவு மேட்டைப் பற்றிப் பேச நமக்கு வாய் இல்லை. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள், மிஞ்சிய டைகுரோமேட் கரைசலையும்தான். வைட்டமின் சி தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள், மஞ்சள் போகும் வரை. பிறகு நீற்றிய சுண்ணாம்புத் தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் நுரைக்கலாம், சூடேறலாம், பொறுமையாகச் செய்யுங்கள். லிட்மஸ் தாள் லேசாக நீலமாகும்போது நிறுத்திவிட்டு ஓர் இரவு வையுங்கள். குரோமியம்-3 சாம்பல் பச்சை வண்டலாக அடியில் உட்கார்ந்திருக்கும். மேல்நீரில் 50 மில்லி எடுத்து, அதே டி.பி.சி. சோதனையைச் செய்து பாருங்கள். நிறம் வராவிட்டால் மேல்நீரை வடித்துவிடலாம். வண்டலை உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, 'குரோமியக் கழிவு' என்று எழுதி, கரைசல் தயாரித்துக் கொடுத்த அதே கல்லூரி ஆய்வகத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். முதல் நாள் கரைசல் வாங்கப் போகும்போதே இதையும் பேசி வைத்துக்கொள்வது நல்லது, பிறகு டப்பாவோடு போய் நின்றால் யாரும் வாங்கமாட்டார்கள்.